ஒரே உதையில் கிளம்பும் வண்டி

புதுக்கடை ஊரில் ஒரு துக்க வீட்டுக்குப் போன இடத்தில்தான் அந்த வண்டியை முதலில் பார்த்தேன். கை கழுவப் பின்பக்கம் போயிருந்தேன். விறகுப் புரைக்குள், காய்ந்த தென்னை மட்டைகளுக்கும் சிமென்ட் சாக்குகளுக்கும் நடுவே ஒரு பெட்ரோல் டாங்கின் முனை தெரிந்தது. மட்டையை ஒதுக்கினேன். மேலெல்லாம் கோழி எச்சம். சீட்டு கிழிந்து பஞ்சு வெளியே வந்திருந்தது. சைலன்சர் துருப்பிடித்து அங்கங்கே பொத்தல் விழுந்து கிடந்தது. ஆனால் அந்த டாங்கின் வளைவைக் கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் எனக்குத் தெரியும். அதே மாதிரி ஒரு வண்டியை நர்சிங் படித்த காலம் முழுக்கச் சனிக்கிழமை தோறும் கழுவியிருக்கிறேன்.

நான் கழுவியது என் அண்ணனுடைய வண்டி. நூறு சிசி டூ-ஸ்ட்ரோக். எங்கள் தெருவில் அப்போது அந்த மாதிரி வண்டி வேறு யாரிடமும் இல்லை. அண்ணன் ஓட்டுவான், நான் கழுவுவேன். ஸ்போக்ஸ் கம்பி ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பேன். என்ஜினின் தகடுகளுக்கு இடையே பழைய பல்துலக்கியை விட்டுத் தேய்ப்பேன். ஒரு தரம், ஒரே ஒரு தரம், "அண்ணே, நான் ஒரு ரவுண்டு போட்டுட்டு வரட்டா?" என்று கேட்டேன். "பெட்டப்பிள்ளைக்கு என்னத்துக்குட்டி இது? போய் வேலையப் பாரு" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அதற்கப்புறம் மஸ்கட்டுக்கு வேலை கிடைத்து, வண்டியை விற்றுவிட்டுப் போனான். நானும் படிப்பை முடித்து, கல்யாணமாகி, குவைத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பினேன்.

துக்க வீட்டிலிருந்து திரும்பும்போது, ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தபடி கணவரிடம் சொன்னேன்.

"அந்த வண்டிய நாம வாங்கலாமா?"

"எந்த வண்டிய?"

"விறகுப் பொரையில கெடந்ததே."

அவர் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "அத பழைய இரும்புக்காரன்கூட எடுக்கமாட்டான். யாரு ஓட்டதுக்கு?"

"நான்தான்."

அவர் ஸ்கூட்டரை மறுபடி கிளப்பினார். வீடு வந்து சேரும்வரை முதுகு மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிக்கிறார் என்று தெரிந்தது.

துக்கம் நடந்த வீட்டில் உடனே போய் வண்டி கேட்பது முறையில்லை. சில மாதங்கள் பொறுத்தேன். பிறகு போய்க் கேட்டபோது அந்த வீட்டு அம்மா, "கோழி முட்டையிடுத எடம் போவும், அவ்வளவுதான் நஷ்டம். எடுத்துட்டுப் போங்க" என்றார். ஆர்.சி. புத்தகம் பத்திரமாக இருந்தது. வண்டியை ஒரு குட்டியானை வேனில் ஏற்றி, கணவரையும் கூட்டிக்கொண்டு வடசேரிக்குக் கொண்டுபோனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிகளை மட்டுமே பார்க்கிற ஒரு ஒர்க் ஷாப் உண்டு. நடத்துகிறவர் கோட்டாற்றுக்காரர், என் வயதுதான் இருக்கும். இந்த வண்டிகளின் மேல் அவருக்குப் பைத்தியம். வேறு வண்டி கொண்டுவந்தால் தலை நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்.

"சாருக்கா வண்டி?" என்று என் கணவரைக் காட்டிக் கேட்டார்.

"எனக்கு."

கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். "ஸ்கூட்டி ஓட்டுவியளா?"

"ஓட்டுவேன். கியர் வண்டிக்கு லைசென்ஸ் எடுக்கப் போறேன்."

"இது ஸ்கூட்டி மாதிரி கெடையாது கேட்டியளா. எண்ணெயும் பெட்ரோலும் கலந்து ஊத்தணும். பிளக்கு கரி பிடிக்கும், கழத்தித் தொடைக்கணும். மழைக்கு மொகத்த தூக்கும். காலையில சொன்ன பேச்சு கேக்காது. ஆனா ஒருக்க கேட்டுதுன்னா..." அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. பக்கத்தில் நின்ற இன்னொரு வண்டியை ஒரு மிதி மிதித்தார். அது கிண்ணென்று எழுந்தது.

அந்தச் சத்தம் எனக்குள் எங்கோ போய்த் தொட்டது. இப்போதைய வண்டிகளெல்லாம் தொண்டைக்குள்ளேயே முனகுகின்றன. இது வாய் திறந்து பேசுகிற வண்டி. காற்றில் அந்த எண்ணெய்ப் புகை மணத்தது. கணவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். நான் நன்றாக இழுத்து மூச்சுவிட்டேன்.

வேலை முடிய மழைக்காலம் ஒன்று முழுவதும் போய்விட்டது. பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப் போயிருந்தது. புது பிஸ்டனுக்காக சிலிண்டரைக் கடைய வேண்டியிருந்தது. நான் வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன். அந்த என்ஜினைப் பிரித்து வைத்திருந்ததைப் பார்த்தபோதுதான் இவ்வளவு எளிமையானதா என்று ஆச்சரியப்பட்டேன். உள்ளே அசைகிற சாமான்கள் ஒரு தாம்பாளத்தில் அடங்கிவிட்டன. பெட்ரோல் உள்ளே வருகிறது, எரிகிறது, வெளியே போகிறது. பிஸ்டன் கீழே வரும் ஒவ்வொரு முறையும் ஒரு வெடி. ஒளிக்க ஒன்றுமில்லை. எங்கே கோளாறு என்றாலும் கையை விட்டுத் தொட்டுப் பார்த்துவிடலாம்.

வண்டி வீட்டுக்கு வந்தது. டாங்குக்கு மறுபடி கறுப்பு அடித்திருந்தேன். தெருவில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "மிதிக்க முடியுமா உங்களுக்கு?"

முடியவில்லை. அதுதான் உண்மை. முதல் நாள் மிதித்து மிதித்து வலது முட்டி வீங்கிவிட்டது. கிக்கர் திருப்பி அடித்ததில் கணுக்காலில் ஒரு நீலம். பெங்களூரிலிருந்து மகள் வீடியோவில் பார்த்துவிட்டு, "அம்மா, உனக்கு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கித் தாறேன். இத அப்பிடியே முற்றத்துல அழகுக்கு வச்சிரு" என்றாள். கணவரும் மிதித்துப் பார்த்தார். நாலு மிதியில் வியர்த்துப் போய், "இது வாகனமா, ஜிம்மா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் முட்டியில் ஐஸ் வைத்துக்கொண்டு யோசித்தேன். படுக்கையில் கிடக்கிற பருமனான நோயாளியைப் புரட்டும்போது கை பலத்தால் புரட்டக்கூடாது. முதுகு போய்விடும். உடம்பின் பாரத்தைச் சாய்த்துப் புரட்ட வேண்டும். இத்தனை வருஷம் அதைத்தானே செய்தேன்? மறுநாள் காலையில் அவசரப்படாமல் கிக்கரை மெல்ல அழுத்தினேன். ஓரிடத்தில் உள்ளே தடுத்தது. பிஸ்டன் மேலே வந்து நிற்கிற இடம் அது. அதை ஒரு மயிரிழை தாண்டவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, கால் பெருவிரலில் எழுந்து நின்று, மொத்த உடம்பையும் அதன்மேல் இறக்கினேன். முட்டி மடங்கவே இல்லை.

கிண்!

அடுக்களையிலிருந்து கணவர் தோசைக் கரண்டியோடு ஓடிவந்தார். நான் ஆக்சிலேட்டரைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புகையால்தான் என்று அவரிடம் சொன்னேன்.

லைசென்ஸ் எடுத்தேன். எட்டுப் போடும் இடத்தில் கால் ஊன்றாமல் போட்டேன். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்ட ஆரம்பித்தேன். நல்ல எண்ணெயாக அளந்து ஊற்றினால் புகை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஆனாலும் இல்லாமல் போகாது. அதனால் தினமும் எடுப்பதில்லை. எடுக்கிற நாளில் அந்த வண்டியைத் தவிர வேறெதுவும் மனதில் இருக்காது. மெதுவாகப் போனால் சாதுவாகப் போகும். ஆக்சிலேட்டரை ஓரளவு முறுக்கும்வரை ஒன்றும் நடக்காது. அந்த இடத்தைத் தாண்டியதும் யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டது போல் பாயும். அந்த இடத்துக்காகத்தான் இவ்வளவு பாடும்.

போன வருஷம் அண்ணன் விடுமுறைக்கு வந்தான். நான் வண்டி வாங்கியதை அவனிடம் சொல்லவில்லை. முற்றத்தில் கார் வந்து நின்றது. இறங்கியவன் எங்களைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்தான். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நேராகப் போய் டாங்கைத் தடவினான்.

"யாருக்க வண்டிட்டி இது?"

"எனக்க வண்டிதான்."

அவன் நம்பவில்லை. என் கணவரைப் பார்த்தான். அவர், "எனக்க மேல பழி போடாண்டாம். சத்தியமா அவளுக்குத்தான்" என்றார்.

"சாவி குடு" என்றான் அண்ணன். கொடுத்தேன். அந்தக் காலத்தில் நின்ற அதே தோரணையில் நின்று மிதித்தான். கிளம்பவில்லை. மறுபடி மிதித்தான். கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு மிதித்தான். பெட்ரோல் வரவில்லை என்றான். பிளக்கு போய்விட்டது என்றான். கூட வந்திருந்த அண்ணி வராந்தாவில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தள்ளு அண்ணே" என்றேன். தடுக்கிற இடத்தைக் காலால் தேடினேன். ஒரே உதை. கிண்!

அவன் கொஞ்ச நேரம் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, "கொள்ளாம்ட்டி" என்றான். அவன் என்னைப் பாராட்டி அதுவரை ஒரு வார்த்தை சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

ஆனாலும் ஆண்பிள்ளை மனசு அடங்குமா? இரண்டு நாள் கழித்து ஒரு சிநேகிதனிடமிருந்து புத்தம்புது பெரிய வண்டி ஒன்றைக் கடன் வாங்கிக்கொண்டு வந்தான். எருமை மாதிரி கனத்த வண்டி. "கீரிப்பாறைக்கு விடுவோமா? ஏத்தத்துல பாப்போம்" என்றான். கணவர் அவன் பின்னால் ஏறிக்கொண்டார். "என்ன இருந்தாலும் குஷன் அதுல நல்லா இருக்கு" என்று எனக்குச் சமாதானம் சொன்னார். நான் துப்பட்டாவை இறுக்கிக் கட்டி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.

சமதளத்தில் அவன் முன்னால் போனான். ரப்பர் தோட்டங்களுக்குள் ரோடு வளைந்து ஏறத் தொடங்கிய பிறகு கதை மாறியது. அவனுடைய வண்டி ஒவ்வொரு வளைவிலும் யோசித்து யோசித்துத் திரும்பியது. என்னுடையது நான் பார்க்கிற பக்கம் போனது. ஒரு வளைவில் ஹாரன் அடிக்காமலே அவனைத் தாண்டினேன். கண்ணாடியில் பார்த்தேன். கணவர் ஒரு கையைத் தூக்கி எனக்கு ஆட்டிக்கொண்டிருந்தார். எதிராளி வண்டியில் உட்கார்ந்துகொண்டு!

இரண்டு வளைவு தாண்டினால் எஸ்டேட் பஸ் நின்றுகொண்டிருந்தது. அதற்கு முன்னால், காலையில் அடித்த காற்றில் ஒரு பெரிய ரப்பர் மரம் ரோட்டின் குறுக்கே விழுந்து கிடந்தது. பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாம் இறங்கி நின்றார்கள். மரம் அறுக்கிற ஆள் கீழேயிருந்து வர வேண்டும் என்றார்கள். அவர்கள் நடுவே ஓர் அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். எஸ்டேட்டில் ரப்பர்ப் பால் வெட்டுகிறவர். பக்கத்தில் காய்கறிச் சாக்கு, வாழை இலைக் கட்டு, ஓலைப் பெட்டி நிறைய பிச்சிப்பூ.

"எனக்க மவளுக்கு இன்னைக்கு நிச்சயம்" என்றார். "நேத்தே வாங்கியிருக்கணும். விடாம மழை பெய்ஞ்சிது. விடியும் முன்னே வடசேரிக்குப் போய் வாங்கிட்டு வாறேன். மாப்பிள்ள வீட்டுக்காரங்க வேன்ல மேல போய்ச் சேந்தாச்சு. அவங்க போன பொறவுதான் மரம் விழுந்திருக்கு. அங்க சமையக்காரன் வெறும் அடுப்பப் பாத்துட்டு இருப்பான்."

அதற்குள் அண்ணனும் வந்து சேர்ந்தான். மரத்தையும் தன் வண்டியையும் பார்த்தான். கனத்த அந்த வண்டியைத் தூக்குவதைப் பற்றி யாரும் பேசவே இல்லை. எல்லோருடைய கண்ணும் என் வண்டி மேல்தான்.

"இது எடை கம்மிதான்" என்றேன். "நாலு பேரு பிடிச்சா அந்தப் பக்கம் போயிரும்."

பஸ் டிரைவர் முதலில் வந்தார். அண்ணன் சட்டைக் கையை மடக்கினான். இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். ஒரு கட்டிலைத் தூக்குவது போல் வண்டியை மரத்துக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் இறக்கினார்கள். கணவர் பூப்பெட்டியைத் தலைக்கு மேல் பிடித்தபடி கிளைகளுக்குள் புகுந்து வந்தார்.

நான் மிதித்தேன். கிளம்பவில்லை.

மறுபடி மிதித்தேன். ஒரு முனகல்கூட இல்லை. மரத்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றவர்கள் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு நிமிஷம் நின்று மூச்சு வாங்கினேன். தூக்கும்போது வண்டி சாய்ந்தது, பெட்ரோல் உள்ளே நிறைந்திருக்கும் என்று தோன்றியது. டாங்கின் டேப்பை அடைத்தேன். ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பது வெளியேறும் வரை மெல்ல மெல்ல மிதித்தேன். பிளக்கைக் கழற்றி, துப்பட்டா நுனியில் துடைத்து, ஊதி, மறுபடி மாட்டினேன். டேப்பைத் திறந்தேன். தடுக்கிற இடத்தைக் காலால் தேடி எழுந்து நின்றேன்.

வெள்ளைப் புகை ஒரு பந்தாக வெளியே வந்தது. அதன் பின்னாலேயே சத்தம் வந்தது. கூடி நின்றவர்கள் கைதட்டியதை நான் கேட்கவில்லை, கணவர் பிறகு சொன்னார். எனக்கு என்ஜின் மட்டுமே கேட்டது.

அந்த அம்மா பூப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினார். காய்கறிச் சாக்கை எங்கள் இருவருக்கும் நடுவே நிறுத்தினோம். "பைய போங்க, எனக்குப் பயம்" என்றார். இரண்டாம் கியரில் ஏற்றம் ஏறினோம். பாரம் அழுத்தியது. நான் ஆக்சிலேட்டரை அந்த இடம் வரை முறுக்கினேன். வண்டி பாய்ந்தது. ரப்பர் மரங்கள் இரண்டு பக்கமும் வரிசை வரிசையாகப் பின்னால் ஓடின. அரை மைல் போயிருப்போம். காதுக்குப் பக்கத்தில் அவர் குரல் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் முறுக்குங்க."

சிரித்துவிட்டேன். முறுக்கினேன்.

தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்கு நாங்கள் போகும் முன்பே எங்கள் வண்டிச் சத்தம் போய்ச் சேர்ந்துவிட்டது. பந்தலுக்கு வெளியே ஆட்கள் வந்து நின்றார்கள். பட்டு வேட்டி கட்டிய மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள், சின்னப் பிள்ளைகள், தோளில் துண்டோடு சமையல்காரர். புகையைக் கிழித்துக்கொண்டு பெண்ணின் அம்மா பூப்பெட்டியோடு இறங்கினார். கல்யாணப் பெண் பாதி அலங்காரத்தோடு வாசலுக்கு ஓடிவந்து, "எம்மா, மோட்டார் சைக்கிள்லயா வந்திய?" என்று கேட்டாள். "பின்ன? பறந்து வந்தோம்" என்றார் அவர். சமையல்காரர் சாக்கை அவிழ்த்துத் தடியங்காயைக் கையில் எடுத்தபோதே அடுப்பில் தீ ஏறிவிட்டது.

நான் திரும்பிப் போய் இலைக்கட்டைக் கொண்டுவந்தேன். அப்புறம் போய்க் கணவரைக் கொண்டுவந்தேன். இருபத்தெட்டு வருஷமாக நான் அவர் முதுகைப் பார்த்தே பயணம் செய்திருக்கிறேன். அன்றைக்கு அவர் என் முதுகைப் பார்த்து வந்தார். "குஷன் எப்பிடி இருக்கு?" என்று கேட்டேன். "பரவாயில்ல, பழகிரும்" என்றார்.

கடைசியாக அண்ணன். பெரிய வண்டியை பஸ் பக்கத்தில் பூட்டி வைத்துவிட்டு, மரத்தைத் தாண்டி வந்து நின்றான். பின் சீட்டில் ஏறி என் தோளைப் பிடித்துக்கொண்டான். ஏறின நிமிஷம் முதல் ஆரம்பித்தான்.

"ஏட்டி, கியர மாத்து. இப்ப மாத்து. வளைவு வருது, பாத்து."

"சும்மா வா அண்ணே."

கொஞ்ச தூரம் சும்மா வந்தான். பிறகு காற்றில், "எனக்க வண்டி இவ்வளவு நல்லா ஏறாது கேட்டியா" என்றான். "எனக்கு ஓட்டவும் தெரியாது, இப்பிடி."

எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. பந்தியில் முதல் வரிசையில், மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார்கள். கையெல்லாம் எண்ணெய்க் கரி. எவ்வளவு கழுவியும் நகக்கண்ணில் போகவில்லை. அவியலும் அடைப்பாயசமும் அந்தக் கையாலேயே சாப்பிட்டேன். பெண்ணின் அம்மா ஒரு முழம் பிச்சிப்பூவைக் கொண்டுவந்து ஹேண்டில்பாரில் சுற்றிக் கட்டினார். வண்டியோடு எடுத்த அளவுக்கு மாப்பிள்ளையோடுகூட யாரும் நின்று போட்டோ எடுக்கவில்லை.

நாங்கள் இறங்கும்போது மரத்தை அறுத்து ஓரத்தில் தள்ளியிருந்தார்கள். அண்ணனும் கணவரும் பெரிய வண்டியில் முன்னால் போய்விட்டார்கள். ஏற்றத்தில் பாய்கிற இந்த வண்டி இறக்கத்தில் தன்னைத்தானே பிடித்து நிறுத்தாது. பிரேக்கை நம்பி, பார்த்துத்தான் இறக்க வேண்டும். ஒரு வளைவில் எஸ்டேட் பஸ் மேலே வந்துகொண்டிருந்தது. காலையில் வண்டியைத் தூக்கிவிட்ட அதே டிரைவர். எனக்கு வழிவிட்டு பஸ்ஸை ஓரம் கட்டினார். ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே நீட்டினார்.

"எக்கா! வண்டிய வெலைக்கு குடுக்கியளா?"

"மாட்டேன்!" என்று கத்தினேன். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். டிரைவர் ஹாரனை நீளமாக அடித்தார். நான் ஆக்சிலேட்டரை முறுக்கிவிட்டு வளைவில் சாய்ந்தேன்.